கறுவாவும் கடற்றேங்காயும்: சீசெல்ஸ் தீவுகளின் தாவர வரலாறு தரும் படிப்பினை

இலங்கை வரலாற்று நூல்களிலே கறுவா ஒரு வணிகப் பொருளாகவே இடம்பெறுகின்றது. போர்த்துக்கேயர் அதன் மணத்தினால் ஈர்க்கப்பட்டனர். ஒல்லாந்தர் அதன் பொருட்டுப் போர் புரிந்தனர். பிரித்தானியர் அதன் வணிகத்தில் அரசுக்கிருந்த தனியுரிமையை 1833இல் கைவிட்டனர். இவ்வளவில் கறுவாவின் வரலாறு முடிந்துவிட்டதாகவே நாம் பெரும்பாலும் கருதுகின்றோம். ஆயின் கறுவாவுக்கு வேறொரு வரலாறும் உண்டு. அது சுங்கப் பதிவேடுகளில் இல்லை. கொழும்பிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மலைக்காடுகளில் இருக்கின்றது. அங்கே நமது கறுவா செல்வம் அன்று, களை. உலகில் வேறெங்கும் காணப்படாத மரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் களை.

அந்த மலைக்காடுகள் சீசெல்ஸ் தீவுகளுக்கு உரியவை. அத்தீவுகளின் தாவரங்களுக்கு நேர்ந்த கதையை அறிவது ஒரு தொலைதேசச் செய்தியை அறிவதாக மட்டும் அமையாது. ‘சுதேசத் தாவரம்’, ‘அந்நியத் தாவரம்’ என்று நாம் எளிதாகக் கூறும் சொற்களின் பொருள் யாது, அழிவை விளைவிப்பது செடியா மனிதரா என்னும் வினாக்களுக்கு அக்கதை விடை கூற வல்லது. அவ்வினாக்கள் நமது நாட்டிலும் எழுந்து நிற்பவையே.

கருங்கல் தீவுகளும் அவற்றின் உறவினரும்

சீசெல்ஸ் என்பது இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதியில், பூமத்திய கோட்டுக்குச் சற்றுத் தெற்கே, 115 தீவுகளைக் கொண்ட ஒரு கூட்டம். அவற்றுட் பல பவளப் பாறையாலானவை. மாஹே, பிராலின், சில்வெட், லா டீக் முதலியனவோ கருங்கல்லாலானவை. நடுக்கடலில் உள்ள தீவுகள் பொதுவாக எரிமலைக் குழம்பினாலோ பவளத்தினாலோ தோன்றியவையாக இருக்க, இவை மட்டும் கண்டத்துக்குரிய கருங்கல்லாக இருப்பது ஈண்டு நோக்கத்தக்கது. கொண்டுவானா என்னும் தொன்மைப் பெருநிலம் பிளவுபட்டபோது இந்தியாவும் இலங்கையும் இத்தீவுகளும் ஒரே துண்டின் பகுதிகளாக வடக்கு நோக்கி நகர்ந்தன. ஏறத்தாழ 650 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் சீசெல்ஸ் அத்துண்டினின்று பிரிந்து நடுக்கடலில் தங்கிவிட்டது என்பது புவியியலாளர் கொள்கை.

எனவே அத்தீவுகளின் செடிகொடிகளிடையே நமக்கு அறிமுகமான முகங்கள் தென்படுவதில் வியப்பில்லை. தமிழகத்தின் மேற்கு மலைத்தொடரில் வெள்ளைக்குங்கிலியம் தரும் மரமும், நமது ஈரவலயக் காடுகளில் சிங்கள மக்கள் ‘ஹல்’ என வழங்கும் மரமும் ஒரே குடும்பத்தன. ஹல் மரத்தின் பட்டையைக் கள் இறக்கும் முட்டியில் இட்டுக் கள் புளிக்காமற் காப்பது நம் நாட்டு வழக்கம். அக்குடும்பத்தைச் சேர்ந்த மரம் ஒன்றே ஒன்று சீசெல்ஸில் உண்டு. அது மாஹே தீவிலன்றி வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. பூச்சிகளைப் பிடித்து உண்ணும் கெண்டிச் செடியும் அவ்வாறானதே. சிங்களத்தில் ‘பந்துரா’ எனப்படும் நமது கெண்டிச் செடி இலங்கைக்கேயுரியது. சுவீடிய அறிஞர் லின்னேயஸ் அவ்வினத்துக்கு நெப்பந்தஸ் என்ற பெயரை இட்டது இந்த இலங்கைச் செடியை அறிந்தே. அதன் உறவினமாகிய வேறொரு கெண்டிச் செடி மாஹே, சில்வெட் ஆகிய தீவுகளின் மலையுச்சிப் பாறைகளில் மட்டும் வாழ்கின்றது.

நெடுங்காலம் தனித்திருந்தமையால் இத்தீவுகளின் தாவரங்கள் தமக்கெனத் தனி வடிவங்களைப் பெற்றன. அங்கு இயற்கையாக வளரும் பனைக் குடும்ப மரங்கள் ஆறு வகைப்படும்; ஆறும் அத்தீவுகளுக்கேயுரியவை; ஒவ்வொன்றும் தனக்குத் தானே ஓர் இனமாக நிற்பது. அவற்றுள் உலகப் புகழ் பெற்றது கடற்றேங்காய்.

இரு பொருள்கள், இரு சட்டங்கள்

கடற்றேங்காய் என்னும் பெயரைச் சித்த மருத்துவம் பயின்றோர் அறிவர். இரண்டு தேங்காய்களை ஒட்டவைத்தாற்போன்ற அதன் கொட்டை, தாவர உலகின் வித்துகள் யாவற்றினும் பெரியது. 17 கிலோகிறாமுக்கும் மேற்பட்ட நிறையுடையதாகவும் அமைவதுண்டு. கொட்டையை அறிந்திருந்த உலகம் மரத்தை அறிந்திருக்கவில்லை. மாலைதீவுக் கரைகளிலும், அரிதாக இந்தியா, இலங்கை, யாவா ஆகியவற்றின் கரைகளிலும் அது ஒதுங்கியது. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கேய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563இல் வெளிவந்த தமது நூலில் இக்காயை மாலைதீவுத் தேங்காய் என்றே விவரிக்கின்றார். கடலில் அமிழ்ந்துபோன நிலத்தின் மரங்களிலிருந்து இது வருவதாக அன்று கருதப்பட்டது. பின்னர் அம்பொய்னாத் தீவிலிருந்து எழுதிய றும்பியஸ், மரம் கடலின் அடியிலேயே வளர்வதென்னும் கருத்தை ஏற்றார்.

இம்மயக்கத்துக்குத் தக்க காரணம் உண்டு. முளைக்கும் ஆற்றலுள்ள புதிய காய் நீரில் மிதப்பதில்லை. அதன் நிறை அதனை ஆழ்த்திவிடும். உள்ளீடு அழுகி வெறுமையான கொட்டையே மிதந்து வரும். ஆகவே கரையை அடைந்த காய் ஒவ்வொன்றும் உயிரற்றதாகவே இருந்தது. எங்கே நட்டாலும் அது முளைக்கவில்லை. உலகம் கண்டது கூட்டை. உயிர் இரண்டு சிறு தீவுகளிலேயே தங்கியிருந்தது.

அறியப்படாத பொருளுக்கு விலை மிகுதி. நஞ்சை முறிக்கும் என்று நம்பப்பட்டமையால் இக்கொட்டையாற் செய்த கிண்ணங்களை அரசர்கள் விரும்பினர். புனித உரோமப் பேரரசர் இரண்டாம் றுடோல்ப் இதற்காகப் பெருந்தொகை தர முன்வந்தார் என்பர். அவருக்கெனப் பொன்முலாம் பூசி 1602இல் செய்யப்பட்ட கெண்டி இன்றும் வியன்னா நூதனசாலையில் உள்ளது. பாரசீகத்திலும் வட இந்தியாவிலும் இரந்துண்ட துறவிகள் இதே கொட்டையின் பாதியைத் திருவோடாகக் கையிலேந்தினர். பேரரசரின் மேசையிலும் துறவியின் கையிலும் ஒரே பொருள் இருந்தது சுவையான முரண். மாலைதீவிலே இதற்கெனச் சட்டமே இருந்தது. 1602இல் கப்பல் உடைந்து அங்கே சிக்குண்டு ஐந்தாண்டுகள் வாழ்ந்த பிறார் த லவால் என்னும் பிரான்சியர், கரையொதுங்கும் கடற்றேங்காய் யாவும் அரசனுக்கே உரியன என்றும், அதனை மறைத்து வைத்தோர் கடுமையாகத் தண்டிக்கப்பட்டனர் என்றும் எழுதியுள்ளார்.

இதே காலப்பகுதியில் இலங்கையின் மேற்குக் கரையில் மற்றொரு சட்டம் நிலவியது. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய பின்னர் கறுவா முழுவதும் அவர்களின் கிழக்கிந்தியக் கம்பனிக்கே உரியதாயிற்று. கறுவா உரிக்கும் கடமை சலாகம சாதியினர்மீது சுமத்தப்பட்டது. அவர்கள் ஆண்டுதோறும் குறித்த அளவு பட்டையைக் கொடுத்தே ஆகவேண்டும். கறுவா மரத்தை வெட்டுவதும் பட்டையை மறைவாக விற்பதும் மரணதண்டனை வரை செல்லக்கூடிய குற்றங்களாயின. ஒருவனது வீட்டுக் கொல்லையில் தானாக முளைத்த கறுவாச் செடியும் அவனுக்குச் சொந்தமன்று.

மாலைதீவில் மன்னனின் சட்டம். கொழும்பில் கம்பனியின் சட்டம். இரண்டிலும் பாதுகாக்கப்பட்டது தாவரம் அன்று, விலையே. விலையைக் காக்கும் சட்டத்துக்கும் மரத்தைக் காக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பின்வந்த நிகழ்ச்சிகள் தெளிவாகக் காட்டின.

1768 முதல் 1780 வரை

இரு பொருள்களின் தனியுரிமையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஆட்டங் கண்டன. 1768இல் மொறீசியஸ் தீவிலிருந்து பிரான்சியரான மரியோன் டுபிரேன் அனுப்பிய லா டீக், லா கியூரியூஸ் என்னும் இரு கப்பல்கள் சீசெல்ஸ் தீவுகளை ஆராய்ந்தன. அப்பயணத்திற் சென்ற நிலவளவையாளர் பாறே என்பவர் பிராலின் தீவிலே அப்பெருங்காயைக் கண்டார். பல நூற்றாண்டு மயக்கம் ஒரே நாளில் தீர்ந்தது. அடுத்த ஆண்டில், முன்னர் லா டீக் கப்பலைச் செலுத்திய டுஷெமான் என்பவரே மீண்டும் வந்து, காய்களைக் கப்பல் நிறைய ஏற்றி இந்தியச் சந்தைக்குக் கொண்டுசென்றார். பேரரசர் தேடிய பொருள் சந்தையிற் குவிந்து கிடந்தது. விலை வீழ்ந்தது. ஆயின் விலை வீழ்ந்ததனால் மரத்துக்கு விடுதலை கிடைக்கவில்லை. முன்பு மரம் இருந்த இடம் தெரியாமையே அதற்குக் காவலாக இருந்தது; அக்காவல் அன்றோடு நீங்கிற்று.

அதுவரை அத்தீவுகளில் நிலையான மனிதக் குடியிருப்பே இருக்கவில்லை. 1770 ஆகத்து மாதத்தில் மாஹேயை அடுத்த செயின்ற் ஆன் தீவிலே முதற் குடியேற்றம் ஏற்பட்டது. அதில் பதினைந்து வெள்ளையரும், ஏழு அடிமைகளும், ஐந்து இந்தியரும், ஒரு கறுப்பினப் பெண்ணும் இருந்தனர். இந்து சமுத்திரத்தின் பல கரையினர் ஒரு தோணியிற் கூடியதுபோன்ற இச்சிறு கூட்டத்திலிருந்தே அந்நாட்டு மக்களின் வரலாறு தொடங்குகின்றது.

அவ்வேளை மொறீசியஸில் பிரான்சிய அரசின் ஆட்சியதிகாரியாக இருந்தவர் பியேர் புவாவ்ர். ஒல்லாந்தரின் வாசனைத் திரவியத் தனியுரிமையை உடைப்பதே அவருடைய வாழ்நாள் நோக்கம். மொலுக்காத் தீவுகளிலிருந்து சாதிக்காய், கராம்பு நாற்றுகளை மறைவாகக் கொண்டுவரச் செய்தவர் அவரே. அந்நாற்றுகளைப் பிறர் கண்ணிற் படாத இடத்தில் வளர்க்க வேண்டி, 1772இல் மாஹே தீவின் ஆன்ஸ் றோயால் என்னுமிடத்தில் ‘அரசரின் தோட்டம்’ அமைக்கப்பட்டது. சாதிக்காய், கராம்பு, மிளகு ஆகியவற்றுடன் கறுவாவும் அங்கே நடப்பட்டது.

இலங்கையிலும் அதே காலத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தமை குறிப்பிடத்தக்கது. காட்டிலே தானாக வளர்ந்த கறுவாவையே அதுகாறும் நம்பியிருந்த ஒல்லாந்தர், தேசாதிபதி இமான் வில்லெம் ஃபல்க் காலத்தில், 1769ஆம் ஆண்டளவில், கொழும்பு மருதானைப் பகுதியிலே அதனைத் தோட்டப் பயிராக நடத் தொடங்கினர். இன்று கொழும்பிலே கறுவாத்தோட்டம் என்னும் பெயர் மட்டும் எஞ்சியிருப்பது அம்முயற்சியின் நினைவே. ஒரே மரம் ஒரே காலத்தில் கொழும்பிலும் மாஹேயிலும் பயிராயிற்று. ஒன்று தாயகத்திலும், மற்றையது அந்நிய மண்ணிலும்.

மாஹேயின் தோட்டம் நீடிக்கவில்லை. 1780இல் துறைமுகத்தை நோக்கி ஒரு கப்பல் வந்தது. அது பிரித்தானியருடையது எனப் பிழையாகக் கருதப்பட்டது. தோட்டம் பகைவர் கையில் அகப்படாதிருக்க வேண்டுமென்று அதற்குத் தீ வைக்கப்பட்டது. வந்தது பிரான்சியக் கப்பலே. கராம்பும் சாதிக்காயும் கருகின. கறுவாவோ வேரிலிருந்து மீண்டும் தழைத்தது. அதன் கறுத்த சிறு பழங்களை உண்ட பறவைகள் வித்துகளைத் தீவெங்கும், மலையுச்சி வரை, கொண்டுசென்றன. மனிதர் தோட்டத்தை எரித்தனர். பறவைகள் அதனை விரித்தன.

காடு இழந்தவை

ஆயினும் கறுவா ஒன்றே சீசெல்ஸ் காடுகளை அழித்தது என்று கூறுதல் நேர்மையன்று. முதலில் வந்தது கோடரி. கப்பல் கட்டவும் வீடு கட்டவும் பெருமரங்கள் வீழ்த்தப்பட்டன. குங்கிலியக் குடும்பத்தின் அந்த ஒற்றை மரமும் அவற்றுள் ஒன்று. இன்று அது முற்றாக அழியும் தறுவாயிலுள்ள இனமாகக் கணிக்கப்படுகின்றது. கரையோரச் சமநிலத்தில் தென்னந்தோட்டங்கள் எழுந்தன. கியூரியூஸ் தீவிலே 1771இல் மூண்ட தீயில் கடற்றேங்காய்க் காடுகள் பெரிதும் எரிந்தன. மூடியிருந்த மரங்கள் நீங்கியதும் மழை மண்ணை அரித்து, செந்நிலத்தை வெளிப்படுத்திற்று. இவ்வாறு வெட்டப்பட்டும் எரிக்கப்பட்டும் வெறுமையான சரிவுகளிலேயே கறுவா வேரூன்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கறுவாப் பட்டையும் இலையெண்ணெயும் அத்தீவுகளின் ஏற்றுமதிப் பொருள்களாயின. எண்ணெய் வடிக்கும் அடுப்புகளுக்கு விறகாக மேலும் மரங்கள் வெட்டப்பட்டன.

கறுவா வெற்றி பெற்ற முறையைத் தாவரவியலாளர் விளக்கியுள்ளனர். அதன் பழம் கொழுப்புச் சத்து மிக்கது. ஆதலால் சுதேசப் பழங்களைவிடப் பறவைகள் அதனை நாடுகின்றன. அதன் வேர்கள் மேல்மண்ணில் அடர்ந்த பாய்போலப் பின்னிக்கொள்கின்றன. சீசெல்ஸின் மண்ணோ மிகப் பழைய, சத்துக் குன்றிய மண். அங்குள்ள சிறிதளவு ஊட்டத்தையும் கறுவா வேர் முந்திக்கொண்டு உறிஞ்சிவிட, சுதேச நாற்றுகள் நலிந்துபோகின்றன. மாஹேயின் இடைமலைக் காடுகளில் இன்று மிகுதியாகக் காணப்படும் மரம் கறுவாவே.

அத்தகைய வறிய மண்ணில் கடற்றேங்காய் எவ்வாறு அத்துணைப் பெரிய வித்தை ஈன்றது என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அதன் அகன்ற இலைகள் வாய்க்கால்போல் மடிந்தவை. மழைநீரையும், இலைமீது விழும் மகரந்தம், சருகு, பறவையெச்சம் ஆகியவற்றையும் அவை தண்டின் வழியே அடிமரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. தாய்மரத்தைச் சுற்றியுள்ள மண்ணே இதனால் வளம் பெறுகின்றது. வித்து தொலைவிற் செல்லாது தாயின் நிழலிலேயே முளைக்கின்றது. ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள். பெண் மரம் காய்க்கப் பல்லாண்டுகள் வேண்டும். காய் முற்றுவதற்கு மட்டும் ஆறேழு ஆண்டுகள் செல்லும். இத்துணைப் பொறுமையுடன் வாழும் ஒரு மரம், விழும் காய் ஒவ்வொன்றும் பொறுக்கி விற்கப்படும்போது தனக்கு வழித்தோன்றல் இன்றியே நிற்கின்றது. காட்டிலே முதிய மரங்கள் நிமிர்ந்து நிற்பதைக் கண்டு காடு வாழ்கின்றது என எண்ணுவோர், அம்மரங்களின் அடியில் கன்றுகள் இல்லாமையைக் காண்பதில்லை.

மற்றொரு மரத்தின் கதையும் ஈண்டுக் கூறற்பாலது. விரிந்த காயின் தோற்றத்தால் ‘இழுதுமீன் மரம்’ எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் பெற்ற சிறுமரம் ஒன்று மாஹேயின் பாறைக் குன்றுகளில் வளர்வது. அது முற்றாக மறைந்துவிட்டதென நெடுங்காலம் நம்பப்பட்டது. 1970இல் சில மரங்கள் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டன. இன்று காட்டில் எஞ்சியுள்ளவை நூற்றுக்கும் குறைவு. பயிரேறாத வெறும் பாறைகள் என்று மனிதர் கைவிட்ட குன்றுகளே இத்தகைய செடிகளுக்கு இறுதிப் புகலிடமாயின.

காப்பது எங்ஙனம்?

சீசெல்ஸ் 1976இல் சுதந்திரம் பெற்றது. இரண்டே ஆண்டுகளில், 1978இல், கடற்றேங்காய் முகாமைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. காய்களைப் பறித்தலும் விற்றலும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. பிராலின் தீவில் ஏறத்தாழ 19.5 ஹெக்டயர் பரப்புடைய வலே த மே என்னும் பள்ளத்தாக்கு 1983இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 1881இல் அங்கு சென்ற பிரித்தானியத் தளபதி கோர்டன், விவிலியம் கூறும் ஏதேன் தோட்டமே இதுவெனக் கற்பனை செய்த இடம் அது. 2010இல் சீசெல்ஸ் அரசு கடற்றேங்காயை அருகிய இனங்களின் சர்வதேச வணிகத்தை ஒழுங்குபடுத்தும் உடன்படிக்கையின் மூன்றாம் பின்னிணைப்பிற் சேர்த்தது. எனினும் பருப்புக்கு ஆசிய நாடுகளில் மருந்துக்காகவும் அழகுப் பொருள்களுக்காகவும் வேட்கை தொடர்வதால் களவும் ஓயவில்லை.

மாலைதீவு மன்னனின் சட்டத்தையும் இச்சட்டத்தையும் ஒப்பிடுக. இரண்டும் காயை அரசின் கையில் வைக்கின்றன. ஆயின் முன்னையது காயைக் கருவூலத்துக்குக் கொண்டுசெல்ல எழுந்தது. பின்னையது ஒரு பகுதிக் காயையேனும் மண்ணில் விட்டுவைக்க எழுந்தது. மரத்தைக் காக்கும் சட்டம் எது என்பதற்கு இதுவே உரைகல்.

கறுவாவை என்செய்வது? அந்நியச் செடியாதலால் வேரோடு களைந்தெறிக என்பது எளிய விடை. அங்குப் பணிபுரியும் ஆய்வாளர் அவ்வாறு கூறவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கறுவாவே அச்சரிவுகளின் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றது. அத்தீவுகளுக்கேயுரிய நீலப்புறா முதலிய பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும் இன்று அதன் பழத்தையே பெரிதும் நம்பியுள்ளன. ஒரே நாளில் அதனை அகற்றினால் மண் சரியும்; பறவை பசிக்கும்; வெறுமையான இடத்தில் அதனினும் கொடிய களை நுழையும். ஆதலின் கறுவாக் காட்டில் ஆங்காங்கே சிறு இடைவெளிகளை உண்டாக்கி, அவற்றிற் சுதேச நாற்றுகளை நட்டு, படிப்படியாகக் காட்டை மீட்பதே தக்க வழி என அவர்கள் கருதுகின்றனர். கறுவா அங்கே வென்றவனாகவும் தாதியாகவும் ஒருங்கே நிற்கின்றது. பழியை ஒரு செடியின் பிறப்பிடத்தின்மேல் ஏற்றிவிட்டு நாம் ஓய்ந்திருத்தல் இயலாது என்பதை இது உணர்த்துகின்றது.

நமது கரையில்

இனி நம் நாட்டுக்குத் திரும்புவோம். கொழும்பின் வடக்கே களனி கங்கையைக் கடந்தால் ஹெந்தளை. ஒல்லாந்தர் 1708இல் அமைத்த தொழுநோய் மருத்துவமனையால் வரலாற்றில் இடம்பெற்ற ஊர் அது. கடற்றேங்காய் வளரும் கியூரியூஸ் தீவும் 1829 முதல் 1965 வரை தொழுநோயாளர் குடியிருப்பாக இருந்தது என்பது மனத்தைத் தொடும் ஒற்றுமை. ஆட்சியாளர் கண்ணுக்கு இரண்டும் ஊர்ப்புறத்து ஓரங்கள். வேண்டாதவரை ஒதுக்கிவைக்கும் இடங்கள். ஓரம் என்று ஒதுக்கப்பட்ட இடத்திலும் ஈடற்ற செல்வம் இருக்கக்கூடும் என்பதற்குக் கியூரியூஸ் சான்று. ஹெந்தளையின் அயலிலும் அத்தகைய செல்வம் ஒன்று உண்டு. அங்கிருந்து நீர்கொழும்பு நோக்கி விரியும் முத்துராஜவெலச் சதுப்புநிலமே அது. அதன் ஒரு பகுதி 1996இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

சீசெல்ஸுக்குக் கறுவாவை ஈந்த இலங்கை, பிற நாட்டுச் செடிகளைத் தானும் ஏற்றுத் துன்புற்றது. தென்னமெரிக்காவுக்குரிய ஆகாயத்தாமரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பூவழகுக்காகக் கொண்டுவரப்பட்டது; 1909இலேயே அதனை ஒழிக்கக் கட்டளைச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சல்வீனியா என்னும் நீர்க்களை 1939இல் கொழும்பிலே உயர்கல்வித் தாவரவியற் பாடத்துக்கென்று தருவிக்கப்பட்டது; சில ஆண்டுகளில் வெளியேறி வயல்களையும் வாய்க்கால்களையும் மூடிற்று. 1980களில் அதனை உண்ணும் சிறு வண்டினத்தைக் கொண்டுவந்து விட்ட பின்னரே அது அடங்கியது. அமெரிக்கச் சதுப்புகளுக்குரிய அன்னமுன்னா இனம் ஒன்று, சிங்களத்தில் ‘வெல் ஆத்தா’ எனப்படுவது, இன்று முத்துராஜவெல உட்படக் கொழும்பைச் சூழ்ந்த ஈரநிலங்களிற் பரந்து நிற்கின்றது. இவற்றுள் எதுவும் தீய நோக்கோடு கொண்டுவரப்பட்டதன்று. ஒன்றை அழகுணர்ச்சி கொண்டுவந்தது; ஒன்றைக் கல்வி கொண்டுவந்தது. அறிவுடையோர் செயலும் அளந்தறியாத இடத்து அழிவாகும் என்பதைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நாம் மறத்தலாகாது.

இழந்ததென எண்ணியதை மீண்டும் காணும் பேறும் நமக்குக் கிடைத்துள்ளது. கிறூடியா சைலானிக்கா என்னும் இலங்கைக்கேயுரிய மரம் 2012ஆம் ஆண்டின் செந்தரவுப் பட்டியலில் முற்றாக அழிந்த இனமாகக் குறிக்கப்பட்டிருந்தது. 2019இல் கம்பஹா மாவட்டத்தின் தாராலுவையில், ஹெந்தளையிலிருந்து அதிக தொலைவில்லாத இடத்தில், அம்மரம் ஒன்று நிற்பது அறியப்பட்டது. 2021இல் அதிவேகப் பாதை அமைப்பதற்காக அதனை வெட்டும் நிலை உருவானது. பொதுமக்களும் அறிஞரும் எழுப்பிய குரலால் அம்முயற்சி தடைப்பட்டது. மாஹேயின் குன்றிலே 1970இல் கண்ட மரத்துக்கும் கம்பஹாவில் 2019இல் கண்ட மரத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னையது மனிதர் ஏறாத பாறையில் ஒதுங்கி உயிர் பிழைத்தது. பின்னையது மக்கள் நடமாடும் இடத்திலே, எவரும் பெயரறியாமல் நின்றது. நமது அறியாமையே அதற்குத் திரையாகவும் இருந்தது, வாளாகவும் வந்தது.

முடிவுரை

கறுவாவின் வரலாறும் கடற்றேங்காயின் வரலாறும் தனித்தனிக் கதைகள் அல்ல. ஒரே கடலின் இரு கரைகளில் எழுதப்பட்ட ஒரே கதை. ஒன்று தாயகத்தை விட்டு வெளியேறிப் பெருகியது; மற்றையது தாயகத்தை விட்டு வெளியேற இயலாமல் அருகியது. இரண்டின் விதியையும் மாற்றியது மனிதரின் வணிக வேட்கையே. எந்தச் செடியும் பிறப்பால் பகை அன்று. கம்பஹாவின் கொல்லையில் நிற்கும் கறுவா நமது முன்னோர் செல்வம், மாஹேயின் சரிவில் நிற்கும் கறுவா பிறர் இழப்பின் அடையாளம். செடி ஒன்றே, இடமும் வரலாறுமே வேறு. ஆதலால் தாவரங்களைக் காக்க முனைவோர் தாவரவியலோடு வரலாற்றையும் கற்றல் வேண்டும். வரலாறு கற்போரும் பட்டையின் விலையோடு நின்றுவிடாது அம்மரம் சென்ற வழியையும், சென்ற இடத்தில் அது யாரை இடம்பெயர்த்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

பேராதனைப் பூங்காவிற்குச் செல்வோர் அங்கே காய்த்து நிற்கும் கடற்றேங்காய் மரங்களைக் காணலாம். கடல் அலை ஒருபோதும் உயிரோடு கொண்டுவந்து சேர்க்காத வித்தை, மனிதர் கை உயிரோடு கொண்டுவந்து நட்டதற்கு அவை சாட்சி. கறுவாவை மாஹேக்குக் கொண்டுசென்றதும் மனிதர் கைதான். அதே கையினால் கறுவாக் காட்டின் நடுவே சுதேச நாற்றுகள் இன்று நடப்படுகின்றன. நம் நாட்டில் அவ்வாறு நடவேண்டியவை எவை, விட்டுவைக்க வேண்டியவை எவை என்பதை அறிந்து சொல்லும் கடமை இந்தத் தலைமுறை மாணவரைச் சார்ந்தது.